எஸ்-டூ வீட்டுக் கேட்டைத் தொட வேண்டாம்

சாவி என்கிட்டதான் தம்பி இருக்கு. இல்லைன்னு பொய் சொல்லி உங்களை அனுப்பியிருக்கலாம். போன வாரம் வந்த கேஸ் பைப் ஆளை அப்படித்தான் அனுப்பினேன். ஆனா நீங்க இந்த வெயில்ல ரெண்டு மாடி ஏறி இறங்கிட்டீங்க, பாவமா இருக்கு. உக்காருங்க. அதுல வேணாம், அது இரும்பு. இந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காருங்க. ஃபேன் போடலைன்னு கோவிச்சுக்காதீங்க. அந்த ஸ்விட்ச் கொஞ்சம் ஆடுது. அதைத் தொடறதுக்கு வேர்வையே தேவலாம்.

என்ன கேட்டீங்க? டக்ட் கதவு சாவி. இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து. அப்புறம் மாடிப்படி லைட்டுக்கும் தண்ணி மோட்டாருக்கும் போற காமன் மெயினை அரை மணி நேரம் ஆஃப் பண்ணணும். மூணு. மூணையும் நானே செய்யணும். ரெண்டாவது மாடி எஸ்-டூவுக்குப் புதுசா வந்திருக்கற புள்ளைங்களுக்கு இன்டர்நெட் வேணும். வேணும்தான், நான் வேணாங்கலையே. எனக்கு பயமா இருக்கு, அவ்வளவுதான். அறுபத்திரண்டு வயசாச்சு, இனிமே என்ன வெக்கம். பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லிட வேண்டியதுதான்.

தாளைக் காட்டுங்க. ம். இதேதான். இதே வாசகம்தான். 'வீட்டின் உள்புற வயரிங்கிற்கு நிறுவனம் பொறுப்பல்ல.' உங்க கம்பெனி வேற, அந்தக் கம்பெனி வேற, ஆனா எல்லாரும் எங்கேர்ந்துதான் இந்த ஒரு வரியை எடுக்கறீங்களோ. இல்ல தம்பி, உங்களைச் சொல்லல. நீங்க சம்பளத்துக்கு வந்தவர்.

எங்க ஆபீஸ்ல சாமுவேல் சார்னு ஒருத்தர் இருந்தார். பத்திரப் பதிவு ஆபீஸ். முப்பத்தோரு வருஷம் நான் அங்க அசிஸ்டென்ட். அவர் எனக்கு மேல. ஒரு நாள் சாயங்காலம், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு, ஒரு ஃபைல்ல சின்னதா ஒரு இனிஷியல் போட்டுட்டுக் கிளம்பினார். கொசு மாதிரி இருக்கும் அந்த இனிஷியல். பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சார் தம்பி. அவர் ஒரு தப்பும் பண்ணல. படிக்காம போட்டார், அவ்வளவுதான். கடைசியா அவரைப் பாத்தப்ப தாடியெல்லாம் வளந்து, அவருக்கு என்னையே அடையாளம் தெரியல. அன்னையிலேர்ந்து எந்தத் தாளையும் மூணு தடவை படிக்காம நான் பேனா மூடியைத் திறக்கறதில்ல.

அப்படிப்பட்டவளைப் புடிச்சு இந்த பிளாட்ஸுக்கு செகரட்ரி ஆக்கினாங்க. ஒன்பது வீடு. எல்லாரும் சேந்து, பரிமளா மேடம்தான் பதிவு ஆபீஸ்ல இருந்தவங்க, பேப்பர் வேலையெல்லாம் தண்ணிபட்ட பாடுன்னு என் தலையில கட்டிட்டாங்க. ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குடுத்தாங்க. இந்த சாவிக்கொத்தைக் குடுத்தாங்க. நான் கீழ் வீட்டுல இருக்கேன், மெயின் போர்டு என் வாசலுக்கு எதுத்தாப்புல இருக்கு, அதனால நான்தான் வசதியாம். பாத்தீங்கல்ல அந்த போர்டை? இரும்புப் பெட்டி. பக்கவாட்டுல ஒரு கைப்பிடி. பழைய கட்டடம் தம்பி, ஷாக் அடிச்சா தானா விழற ஸ்விட்ச்செல்லாம் இங்க கிடையாது. நாமதான் இழுக்கணும்.

போன வருஷம் ஐப்பசி. எஸ்-டூவுல டெல்பின்னு ஒரு பொண்ணு குடியிருந்தா. தூத்துக்குடிப் பக்கம். வீட்டுக்காரர் கப்பல்ல வேலை, வருஷத்துல பத்து மாசம் தண்ணியிலதான். இவ வீட்டுலேர்ந்தே வேலை பாத்தா. டாக்டருங்க பேசறதைக் கேட்டு டைப் அடிச்சு அனுப்பணுமாம். நல்ல பொண்ணு. வாய் கொஞ்சம் ஜாஸ்தி. என்னைப் பாத்தா 'என்ன ஆன்ட்டி, இன்னைக்கு எதைப் பாத்து பயந்தீங்க'ன்னு கேப்பா. சிரிச்சுக்கிட்டேதான் கேப்பா, நானும் சிரிப்பேன்.

அவளுக்கு ஏற்கெனவே இருந்த நெட்டு அடிக்கடி போச்சு. ஒரு வாரத்துக்குள்ள ஒழுங்கா ஒரு கனெக்‌ஷன் போடலைன்னா வேலை போயிடும்னு ஓடி வந்தா. சரிம்மா, போட்டுக்கோன்னேன். ஆனா வெளிப்பக்கமா வயர் வரக் கூடாது. முன்பக்கம் அப்பதான் பெயின்ட் அடிச்சு முடிச்சிருந்தோம். ஒரு வயர் கூடத் தொங்கக் கூடாதுன்னு தீர்மானம், நான்தான் எழுதினேன். அதனால டக்ட் வழியாத்தான் போகணும். படிக்கட்டுப் பக்கத்துல சுவத்துக்குள்ள கீழேர்ந்து மேல வரைக்கும் ஒரு சந்து போகுதுல்ல, அது. அங்கேர்ந்து எஸ்-டூ வாசல் வரைக்கும் பில்டர் காலத்துப் பைப் ஒண்ணு சுவத்துக்குள்ளயே போகுது. நாலடி இருக்குமா? நாலடிதான் தம்பி. அந்த நாலடிதான் எல்லாத்தையும் பண்ணுச்சு.

உங்க தாள் மாதிரியே ஒரு தாள் வந்துச்சு. நிறுவனம் பொறுப்பல்லன்னு. அவங்க பொறுப்பில்லைன்னா அப்ப நானா? ஸ்டாம்பை எடுத்தேன். 'உள்புற வயரிங்கிற்கு சங்கமும் பொறுப்பல்ல'ன்னு எழுதி, அதுக்குக் கீழ குத்தினேன். வீட்டு ஓனர் ஓசூர்ல இருக்கார். அவருக்கு போன் போட்டா, வாசப்படிக்கு வெளிய நடக்கறது எதுவும் தன்னைச் சேந்ததில்லைன்னு வாட்ஸப்ல எழுதி அனுப்பிட்டார். அதையும் பிரின்ட் எடுத்துப் பின் பண்ணேன். ஒழுங்கா ஃபைல் பண்ணணும்ல.

டெல்பின் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "ஏன் ஆன்ட்டி, மூணு பேரும் பொறுப்பில்லைன்னா அந்தப் பைப்புக்கு யாருதான் பொறுப்பு?"ன்னா. 

"நெட்டு யாருக்கும்மா? உனக்குத்தானே?"ன்னேன். 

சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டா. வேலை போயிடுமேன்னு போட்டா. எனக்கு அப்பதான் மூச்சு வந்துச்சு.

திங்கக்கிழமை ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தன் பெரியவன், பொறுப்பானவனாத்தான் தெரிஞ்சான். டக்டைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாத்துட்டு என்கிட்ட வந்தான். "மேடம், அந்தப் பைப்புல டெலிபோன் வயரும் கிடக்கு, மாடிப்படி லைட்டுக்குப் போற கரண்ட் வயரும் கிடக்கு. ரெண்டையும் ஒண்ணா விட்டிருக்காங்க. காமன் மெயினை ஒரு அரை மணி ஆஃப் பண்ணிக் குடுங்க, பழைய டெலிபோன் வயர்ல எங்க கேபிளைக் கட்டி இழுத்துக்கறோம்"னான்.

நீங்க இன்னைக்குக் கேட்ட அதே அரை மணி.

நான் முடியாதுன்னுட்டேன். மோட்டார் ஓடிக்கிட்டிருந்துச்சு, தண்ணி ஏறுற நேரம்னு ஒரு காரணம் சொன்னேன். நிஜம் அதில்ல. ஆஃப் பண்ணச் சொன்னது யாருன்னு நாளைக்குக் கேட்டா, நான்தான்னு ஆயிடும். திரும்ப ஆன் பண்றப்ப மோட்டார் எரிஞ்சு போச்சுன்னா? லிஃப்ட் இல்ல, சரி, ஆனா மோட்டார்? நானா எதையும் செய்யல, நானா எதையும் சொல்லலைன்னு இருந்தா ஒருத்தரும் என்னைக் கேக்க முடியாது பாருங்க. ஜாக்கிரதையாத்தான் நடந்துக்கிட்டேன். ஜாக்கிரதையா இருக்கறது தப்பா?

அவங்க கரண்ட் இருக்கும்போதே இழுத்தாங்க. பாதியில சிக்கிக்கிச்சு. ஒருத்தன் மேலேர்ந்து தள்ள, ஒருத்தன் இந்தப் பக்கம் கால் உதைச்சு இழுத்தான். வந்துடுச்சு. நெட்டும் வந்துடுச்சு. டெல்பின் எனக்கு கேசரி கொண்டு வந்து குடுத்தா. உங்க கேபிளுக்குள்ள இழுவைக்குன்னு ஒரு இரும்புக் கம்பி வருமே, அதோட மிச்சத்தை எஸ்-டூ வாசல்ல இருக்கற கிரில் கேட்டுல சுத்தி முறுக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க. ஆடாம நிக்கணும்னு. எல்லா வீட்டுலயும் அப்படித்தான் சுத்துவாங்க போல. நீங்க தலையை ஆட்டறதைப் பாத்தா நீங்களும் சுத்துவீங்கன்னு தெரியுது.

உள்ள என்ன ஆச்சுன்னா, இழுத்த இழுப்புல அந்த லைட் வயரோட மேல்தோல் உரிஞ்சு, அந்த இரும்புக் கம்பியோட ஒட்டிக்கிச்சு. இதெல்லாம் பின்னால தெரிஞ்சது. அப்ப யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் மழை புடிச்சுக்கிச்சு. டக்டுக்குள்ள தண்ணி கசிஞ்சுது.

செவ்வாக்கிழமை காலையில டெல்பின் வந்தா. சிரிப்பில்ல. "ஆன்ட்டி, கேட்டைத் தொட்டா முழங்கை வரைக்கும் சுர்ருங்குது. மரத்துப் போகுது"ன்னா. எனக்கு அவ கையைப் பாக்கவே பயம். கூடப் போனேன். ரெண்டு படி கீழயே நின்னு பாத்தேன். கேட்டு சாதாரணமாத்தான் நின்னுச்சு. பச்சை பெயின்ட் அடிச்ச கேட்டு, மேரி மாதா படம் ஒட்டியிருக்கும். அதுக்குள்ள கரண்ட் ஓடுதுன்னா நம்பவா முடியும்? கண்ணுக்குத் தெரிஞ்சா ஒதுங்கிப் போகலாம். இது தெரியாதே தம்பி. பாம்புன்னா கூட அசையும்.

இறங்கி வந்து உடனே சர்க்குலர் எழுதினேன். சும்மா இருந்தேன்னு யாரும் சொல்லக் கூடாது. 'எஸ்-டூ வீட்டுக் கேட்டை மறு அறிவிப்பு வரும் வரை யாரும் தொட வேண்டாம். மீறித் தொடுபவர்களுக்கு சங்கம் பொறுப்பல்ல.' பெரிய எழுத்து. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு ஒட்டினேன்.

புதன்கிழமை நெட்டுக் கம்பெனிக்கு போன் பண்ணேன். முக்கால் மணி நேரம் பாட்டு போட்டாங்க. அப்புறம் ஒரு பொண்ணு எடுத்து, "மேடம், நெட் வருதாங்க?"ன்னா. வருதும்மா, கேட்டுல கரண்டும் வருதுன்னேன். "நெட் வருதுன்னா எங்க சைடுல ப்ராப்ளம் இல்லைங்க மேடம், உள்புற வயரிங் கஸ்டமர் பாத்துக்கணும்"னு வெச்சுட்டா. ஓனருக்குப் பேசினேன். கேட்டு வாசப்படிக்கு வெளிய இருக்கு, வெளிய இருந்தா அது காமன்தானேன்னார். எல்லாரும் அழகா கையைக் கழுவிட்டாங்க. அப்ப எனக்கு எவ்வளவு பயமா இருந்திருக்கும் யோசிச்சுப் பாருங்க. யாருமே இல்லாத இடத்துல நான் மட்டும் ஸ்டாம்போட நிக்கறேன்.

வியாழக்கிழமை பன்னீரைக் கூப்பிட்டேன். எங்க ஏரியா எலக்ட்ரீஷியன். டெஸ்டரை வெச்ச உடனே பளிச்சுனு எரிஞ்சுது. "அம்மா, இது ஆளைக் கொன்னுடும். மெயினை இப்பவே ஆஃப் பண்ணி வெச்சுட்டுப் போறேன், நாளைக்கு வந்து பைப்புல கிடக்கறது எல்லாத்தையும் உருவிடறேன். நெட்டு வயரையும் அறுத்துத்தான் ஆகணும்"னான்.

அறுக்கறதா? அது கம்பெனி வயராச்சே. அறுக்கச் சொன்னது யாருன்னு கேட்டா? டெல்பினுக்கு வேலை போச்சுன்னா யாரால போச்சுன்னு கேட்டா? மெயினை ஆஃப் பண்ணி வெச்சா மோட்டார் ஓடாது, ஒன்பது வீட்டுலயும் தண்ணி இருக்காது, ஒன்பது வீடும் என் கதவைத்தானே தட்டும்? ஞாயித்துக்கிழமை மீட்டிங் போட்டு, தீர்மானம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டதும் பண்ணிக்கலாம்பான்னேன். மூணு நாள்தானேன்னேன்.

"சரி, உங்க பொறுப்பும்மா"ன்னான் பன்னீர். 

அப்படிச் சொல்லாதே, அந்த வார்த்தையை வாபஸ் வாங்குன்னேன். முதல்ல சிரிச்சான். நான் கதவைப் புடிச்சுக்கிட்டு நிக்கறதைப் பாத்துட்டு, வாங்கிட்டேம்மா, வாபஸ் வாங்கிட்டேன்னு சொல்லிட்டுப் போனான். 

டெல்பின் செவ்வாக்கிழமையிலேர்ந்தே சப்பாத்திக் கட்டையை வெச்சுத்தான் கேட்டைத் திறந்தா. உள்ளேர்ந்து கட்டையால தாப்பாளைத் தட்டுவா, காலால தள்ளுவா, ரப்பர் செருப்போட வெளிய வருவா. சமாளிச்சா. எல்லாரும் சமாளிச்சாங்க. மேல் மாடிக்குப் போறவங்க சுவத்தோரமா ஒட்டிக்கிட்டுப் போனாங்க. நான் மேல போறதையே விட்டுட்டேன்.

சனிக்கிழமை. கன்னியம்மா படிக்கட்டு துடைக்கிற நாள்.

கன்னியம்மா யாருன்னு கேக்கறீங்களா? நீங்க மேல போனப்ப பாத்திருப்பீங்களே, நீலப் புடவை, பக்கெட்டோட. அவதான். அப்பவும் அவதான், இப்பவும் அவதான். வாரத்துல மூணு நாள் வருவா. படிக்கத் தெரியாது. பேரு எழுதத் தெரியாது. நோட்டீஸ் ஒட்டியிருந்தேன் தம்பி. பெரிய எழுத்துல, ரெண்டு இடத்துல ஒட்டியிருந்தேன். அதை வாயால அவகிட்ட ஒரு தடவை சொல்லணும்னு ஒன்பது வீட்டுலயும் ஒருத்தருக்கும் தோணலையே, அதுக்கு நான் என்ன பண்ண?

அவ வழக்கமா ஒவ்வொரு மாடியிலயும் குனிஞ்சு துடைச்சுட்டு, நிமிர்றப்ப கேட்டுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிமிருவா. முட்டி வலி. வெறுங்கால். கீழ பூரா தண்ணி.

நான் அந்த நேரம் குளிச்சுக்கிட்டிருந்தேன். ஒண்ணும் கேக்கல. அப்புறம்தான் எல்லாரும் சொன்னாங்க.

டெல்பின் உள்ள டைப் அடிச்சுக்கிட்டிருந்தாளாம். வெளிய பக்கெட் கவுந்த சத்தம். கதவைத் திறந்தா, கன்னியம்மா கம்பியைப் புடிச்சது புடிச்சபடி நிக்கறா. விட முடியல. கத்தவும் முடியல. பல்லைக் கடிச்சுக்கிட்டு உடம்பு பூரா நடுங்குதாம். டெல்பினும் கம்பிக்கு உள்பக்கம் மாட்டிக்கிட்டா, கேட்டைத் தாண்டி அவளால வெளிய வர முடியாது. மெயினை ஆஃப் பண்ணுங்க, மெயினை ஆஃப் பண்ணுங்க ஆன்ட்டின்னு கத்தியிருக்கா. ஒண்ணும் நடக்கலைன்னதும் அந்தச் சப்பாத்திக் கட்டையை எடுத்து, கம்பி இடுக்கு வழியா கன்னியம்மா கையிலயே போட்டு அடிச்சா. ஒரு அடி, ரெண்டு அடி. மூணாவது அடியில புடி விட்டுச்சு. படிக்கட்டுல உருண்டு விழுந்தா.

உசுர் இருந்துச்சு. சாமி புண்ணியம். நாலு நாள் பெரியாஸ்பத்திரியில வெச்சிருந்தாங்க. வலது கை உள்ளங்கையும் பெருவிரலும் வெந்து போச்சு. நடுவிரலும் மோதிர விரலும் மடங்கினது மடங்கினதுதான், இன்னைக்கு வரைக்கும் நிமிரல. இப்ப இடது கையாலதான் துடைக்கறா. மெதுவாத்தான் துடைப்பா, நான் ஒண்ணும் சொல்றதில்ல.

ஞாயித்துக்கிழமை மீட்டிங் நடந்துச்சு. எல்லார் மூஞ்சியும் வெளிறிப் போயிருந்துச்சு. போலீஸ் வருமா, கேஸ் ஆகுமா, யார் பேர்ல ஆகும்? எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். விரல் மடங்கினது கரண்ட்டாலயா, டெல்பின் கட்டையால அடிச்சதாலயா, யாருக்குத் தெரியும்னேன். கேக்கணும்ல? பதிவுல இருக்கணும்ல? டெல்பின் என்னையே பாத்துக்கிட்டிருந்தா.

கன்னியம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் ஒரு தாள் டைப் பண்ணேன். தன்னோட கவனக்குறைவால நடந்ததுன்னும், சங்கத்து மேல புகார் எதுவும் இல்லைன்னும். நானே அவ வீட்டுக்குப் போனேன். வரி வரியா வாசிச்சுக் காட்டினேன். வாசிச்சுக் காட்டாம ரேகை வாங்கறது பெரிய தப்பு தம்பி, முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவை கூட நான் அப்படிச் செஞ்சதில்ல. எங்க ஆபீஸ்ல இடது பெருவிரல் ரேகைதான் வாங்குவோம். நல்லவேளை, இடது கை நல்லா இருந்துச்சு. 

அவ, வேலைக்கு எப்பலேர்ந்தும்மா வரட்டும்னுதான் கேட்டா.

பன்னீர் வந்து எல்லாத்தையும் உருவிட்டான். மாடிப்படி லைட்டுக்கு வேற வழியா வயர் இழுத்துட்டான். உங்க பைப்பு இப்ப காலியாத்தான் கிடக்கணும். கிடக்கணும்னுதான் சொல்றேன், இருக்குன்னு சொல்லல. நான் பாக்கல.

அந்த மாசமே டெல்பின் வீட்டைக் காலி பண்ணிட்டா. சாவியைக் குடுக்க வந்தா. உக்காரச் சொன்னேன், உக்காரல. 

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கட்டுமா? நான் கத்தினப்ப படிக்கட்டு நடுவுல இருக்கற இடைவெளி வழியா கீழ பாத்தேன். ஒரு மஞ்சப் புடவை தெரிஞ்சுது. மெயின் போர்டுகிட்ட. நீங்கதானே அது?"ன்னா.

குளிச்சுக்கிட்டிருந்தேன்மான்னேன். 

சரி ஆன்ட்டின்னுட்டுப் போயிட்டா. இன்னைக்கு எதைப் பாத்து பயந்தீங்கன்னு கேக்கல. 

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? 

தண்ணி குடிக்கறீங்களா? இல்ல, உக்காருங்க, சொல்லிடறேன். யார்கிட்டயாவது சொல்லித்தானே ஆகணும். நீங்க யாரோ, இந்த வேலை முடிஞ்சா போயிடுவீங்க. நான் குளிக்கல. குளிச்சு முடிச்சு, புடவை கட்டி, அடுப்புல சாதம் வெச்சிருந்தேன். அவ கத்தினது முதல் கத்தலே கேட்டுச்சு. ஓடி வந்தேன். நிஜமாவே ஓடி வந்தேன் தம்பி, செருப்புகூடப் போடல. இதோ, இந்த இடத்துல நின்னேன். போர்டு எனக்கு நேர ஒரு எட்டுல இருந்துச்சு. கையை நீட்டினா கைப்பிடி.

நீட்டினேன். அப்பதான் தோணுச்சு, இது இரும்புப் பெட்டியாச்சே. அந்தக் கேட்டும் இரும்புதானே. இதுலயும் வந்திருந்தா? நானும் அவ மாதிரி ஒட்டிக்கிட்டா? வீட்டுல நான் ஒருத்திதான். யார் வந்து என்னை அடிச்சு விடுவா? கை அந்தரத்துலயே நின்னு போச்சு. நீட்டவும் முடியல, மடக்கவும் முடியல. மேல டெல்பின் கத்தறா. கட்டை அடிக்கற சத்தம் கேக்குது. ஒண்ணு. ரெண்டு. நான் எண்ணிக்கிட்டே நிக்கறேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. ஒரு நிமிஷம் இருக்குமா? அவ்வளவு இருக்காது. ஆனா ரொம்ப நேரம் தம்பி. அவ உருண்டு விழுந்த சத்தம் கேட்டதும் வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டு, பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டேன்.

அவ்வளவுதான். சொல்லிட்டேன். 

இப்ப நீங்களே சொல்லுங்க, என்கிட்ட வந்து மெயினை ஆஃப் பண்ணுன்னா நான் எப்படிப் பண்ணுவேன்? சாவியை எடுத்துக்கோங்க. கையெழுத்தும் போடறேன், இந்தாங்க, எந்த இடத்துல? போட்டாச்சு. பாருங்க, எழுத்து எப்படிக் கோணிக்கிட்டுப் போயிருக்குன்னு. மெயினை மட்டும் நீங்களே ஆஃப் பண்ணிக்கோங்க. 

ஏன், உங்க கம்பெனி ரூலா? பில்டிங் மெயினை நீங்க தொடக் கூடாதா? கட்டடத்து ஆளுங்கதான் பண்ணணுமா? பன்னீரைக் கூப்பிடலாம், ஆனா அவன் இந்த பிளாட்ஸ் பக்கம் வர்றதில்ல. மத்த வீட்டுல எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க. ஆஃப் பண்ணாம இழுக்க மாட்டீங்களா? வேணாம், வேணாம், ஆஃப் பண்ணாம இழுக்காதீங்க. அப்படிச் செய்யவே செய்யாதீங்க. உங்க வீட்டுலயும் யாராவது காத்துக்கிட்டிருப்பாங்க.

டெஸ்டர் வெச்சுப் பாத்தீங்களா பெட்டியில? எரியலையே? இன்னொரு தடவை வைங்க. ஓரத்துல வைங்க. சரி. ஒரு நிமிஷம் இருங்க, ரப்பர் செருப்பைப் போட்டுக்கறேன். துணி எங்க… இந்தாங்க, காஞ்ச துணிதான். கையில சுத்தி விடுங்க தம்பி, எனக்குச் சுத்த வரல. இன்னொரு சுத்து. தள்ளி நில்லுங்க. இல்ல இல்ல, பக்கத்துலயே நில்லுங்க. எனக்கு எதாவது ஆச்சுன்னா அடிச்சு விடுங்க, யோசிக்காதீங்க. கீழ் பக்கமா இழுக்கணுமா? கீழ. கண்ணை மூடிக்கறேன். 

முருகா.

…

என்ன தம்பி, அவ்வளவுதானா? டக்குன்னு ஒரு சத்தம்தானே கேட்டுச்சு. ஆஃப் ஆயிடுச்சா? நிஜமாவா? மோட்டார் நின்னுடுச்சு, ஆமா. அவ்வளவுதானா இது? ஒரு செகண்ட் ஆகியிருக்குமா? நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க, ஒரு செகண்ட் கூட இல்லைல்ல? ஒரு அடி விழறதுக்கு முன்னாடியே ஆயிருக்குமே தம்பி. அவ்வளவுதானா?

இருங்க. மேலேர்ந்து கன்னியம்மா கூப்பிடறா, கேக்குதா? மோட்டார் நின்னு போச்சே, யாரும்மா மெயினை ஆஃப் பண்ணதுன்னு கேக்கறா.

நீங்கதான்னு சொல்லிடுங்க. சத்தமா சொல்லுங்க, இறங்கி வந்துடப் போறா. நான்னு சொல்லிடாதீங்க தம்பி, கையெடுத்துக் கும்பிடறேன். நான் இங்க நின்னது டெல்பின் சொல்லி அவளுக்கும் தெரியும். எனக்கு மெயினை ஆஃப் பண்ணத் தெரியாதுன்னு சொல்லித்தான் அவளை சமாதானம் பண்ணி வெச்சிருக்கேன்.